கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க, மாப்ள!

ஏனுங்க மாப்ள, வாட்ஸ்அப்புல ஒரு படம் அனுப்பிச்சிருந்தீங்க, பாத்தேன். செகப்புப் பூ பழுப்பேறி, அடி எலை ரெண்டு தொங்கிப்போயி, தொட்டிக்குப் பக்கத்துல நீங்களும் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க. ரெண்டு பேருல யாருக்கு வைத்தியம் பாக்கறதுன்னு எனக்கு ஒரு நிமிசம் ரோசனையாப் போச்சு. படத்துக்குக் கீழ வேற எழுதியிருந்தீங்க: "என்னென்னவோ செஞ்சு பாத்துட்டேன் அப்புச்சி, தேற மாட்டேங்குது." அந்த ‘என்னென்னவோ’தானுங்க சீக்கு. எனக்குப் போனுல எழுத்துக் கோத்து அனுப்ப வராது, பேசியே அனுப்பறேன். நீளமா இருக்குதேன்னு வேகத்தக் கூட்டிக் கேக்காதீங்க. நான் மெதுவாச் சொல்றதே உங்களுக்கு உறைக்கோணும்னுதான்.

மொதல்ல, வாங்கிட்டு வந்தது என்னன்னு தெரிஞ்சுக்கோணும். நர்சரிக்காரரு குஸ்மேனியான்னு சொல்லிக் குடுத்திருப்பாரு. ப்ரோமெலியாட்ங்கற பெரிய குடும்பத்துல அது ஒரு பங்காளி. மூவாயிரத்துக்கு மேல வகை இருக்குது அந்தக் குடும்பத்துல. ஆப்பிரிக்காவுல கினி நாட்டுப் பக்கம் ஒத்த வகை போயி ஒட்டிக்கிட்டதத் தவிர, மத்ததெல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சொத்து. அதுல நம்ம ஊரு சனத்துக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு உண்டு. அன்னாசி! ஆமாங்க, அதுவும் இதே குடும்பம்தான். 1493ல கொலம்பஸ் குவாதலூப் தீவுல அதக் கண்டாரு. அடுத்த நூத்தாண்டுல போர்ச்சுகீசியருங்க கப்பலேத்தி நம்ம கரைக்குக் கொண்டாந்தாங்க. இன்னிக்குக் கொல்லிமலையில இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் எறங்கி எங்கூருச் சந்தைக்கு வருது. அதத் துண்டு போட்டு மொளகாப்பொடி தூவித் திங்கறப்ப உங்களுக்கு ஒரு கலக்கமும் வர்றதில்ல. அதோட சித்தப்பன் மவ ஒருத்தி வீட்டுக்கு வந்ததும் கை காலு ஓடமாட்டேங்குது.

அடுத்தது அந்தச் செகப்பு. நீங்க பூ வாடிருச்சு, பூ வாடிருச்சுன்னு பொலம்பறது பூவே இல்லீங்க. நம்ம காயிதப்பூவுல கலரா இருக்கறது எப்படி எலையோ, அப்படி இதுவும் பூவடி எலை. நெசமான பூ அதுக்குள்ள இருந்து சின்னதா எட்டிப் பாத்துட்டு, வந்த சுருக்குல போயிருக்கும். நீங்க செல்ஃபி எடுக்கற மும்முரத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க. செகப்பு மட்டும் மாசக்கணக்குல நிக்கும். அப்புறம் அதுவும் பழுக்கும்.

பழுத்தா என்னன்னு கேக்கறீங்களா? வாழை தாரு போட்டா என்னாகுமுங்க? தார வெட்டுனதும் தாய் மரம் சாயும், பக்கக் கன்னு மேல வரும். தாரு வெட்டுன வாழைக்கு முன்னாடி யாராவது ஒப்பாரி வெச்சுப் பாத்திருக்கீங்களா? இந்தச் செடியும் அதே கணக்குதான். ஒரு செடி, ஒருக்காத்தான் பூக்கும். பூத்து முடிஞ்சதும் அடியில ரெண்டு மூணு கன்னு விட்டுட்டு, மெல்ல மெல்ல ஒதுங்கிக்கும். விக்கறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். கலரு ஏறுன பொறவுதான் கடைக்கே கொண்டாருவாங்க. ஆக, நீங்க வெல பேசி வாங்குன அன்னிக்கே அது தாரு தள்ளுன வாழை. கலரு போறதுக்கு நீங்க காரணமில்ல, அந்தப் பாவம் உங்களச் சேராது. ஆனா கன்னு விடறதுக்கு முன்னாடியே தாய அழுக வெக்கப் பாக்கறீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

தண்ணியில இருந்து ஆரம்பிக்கறேன். எலையெல்லாம் அடியில ஒண்ணுக்கொண்ணு நெருக்கிச் சேந்து நடுவுல ஒரு குழி இருக்குதுங்களே, அதுதான் அதோட தொட்டி. சொந்தக் காட்டுல இது தரையில மொளைக்கறது கம்மி. பெரிய மரத்துக் கெளையில குந்திக்கிட்டு, மேல இருந்து விழுகற மழையையும், உதுந்த எலை, செத்த பூச்சியையும் அந்தக் குழியில புடிச்சு வெச்சு, எலையாலயே உறிஞ்சிக்கும். வேரு இருக்கறது முக்கியமா மரத்தக் கெட்டியாப் புடிச்சுக்க. எங்கூரு மாமரத்துல ஏறுற புல்லுருவி மரத்தோட சத்தையே உறிஞ்சிரும். இது அந்த வேலைக்குப் போறதில்ல. தங்க எடம் குடுத்தவங்க சொத்துல கை வெக்காத கொணம். மாமனாரு வீட்டுல குடியிருக்கறவங்களுக்கு இது ஒரு... நான் செடியத்தான் சொன்னேனுங்க, நீங்க பாட்டுக்கு இருங்க.

அப்பேர்ப்பட்ட செடிக்கு நீங்க தொட்டி மண்ணுல நெம்ப நெம்ப ஊத்தி, அடித்தட்டுலயும் தேக்கி வெச்சிருக்கீங்க. அது என்னங்க, பொன்னி நெல்லா? குழியில பாதி தண்ணி நின்னாப் போதும். அடியில தொட்டா ஈரம் தெரியோணும், அவ்வளவுதான். காலையில ஒருக்கா, ஆபீசு போயிட்டு வந்து ஒருக்கா, படுக்கப் போறப்ப ஒருக்கான்னு ஊத்தறத நிறுத்துங்க. அடி அழுகுனா நடு எலை கையோட வந்துரும். அப்புறம் எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டாலும் ஒட்டாது.

எந்தத் தண்ணிங்கறதும் இருக்குது. உங்க அப்பார்ட்மெண்டு போர் தண்ணியில டம்ளரு கழுவுனாலே வெள்ளை படியுது. அந்த உப்பு எலையில படிஞ்சா, தண்ணி உறிஞ்சற கண்ணெல்லாம் அடைச்சுப் போயிரும். உங்க வீட்டு அம்மிணி சொன்னா, நீங்க அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சீங்களாமா. ஆர்ஓ மெசினுல நல்ல தண்ணிய நீங்க குடிச்சுட்டு, அது கழிச்சு வெளிய தள்ளுற உப்புத்தண்ணியப் புடிச்சு செடிக்கு ஊத்தறீங்களாம், ‘தண்ணி வீணாகக் கூடாது’ன்னு. அடேயப்பா, என்ன சிக்கனம்! போர் தண்ணியில இருந்த உப்ப இன்னும் கெட்டியாக்கிக் குடுக்கறீங்க. அத வெச்சு வாசல் கழுவுங்க, மாப்ள. செடிக்கு வேணுங்கறது மழைத்தண்ணி. 2003லயே வீட்டுக்கு வீடு மழைத்தண்ணி சேக்கோணும்னு தமிழ்நாட்டுல சட்டம் போட்டாச்சு. உங்க கட்டடத்துலயும் அதுக்குக் குழாயி இறக்கியிருக்காங்க. போன தடவ வந்தப்ப பாத்தேன், துணி காயப்போட ரொம்பத் தோதா இருந்துச்சு. ஐப்பசி, கார்த்திகையில ரெண்டு பெரிய போசி நெறையப் புடிச்சு, கொசு போகாம மூடி வெச்சீங்கன்னா ஒத்தச் செடிக்குத் தாராளம். அது தீந்து போனா ஆர்ஓவோட நல்ல தண்ணியிலயே ஒரு டம்ளரு குடுங்க. உங்க பங்கு கொறைஞ்சு போயிராது.

இப்ப அந்தச் செம்புக் குடத்து விசயம். ராத்திரி பூரா செம்புல ஊற வெச்ச தண்ணி ஒடம்புக்கு நல்லதுன்னு குடிக்கறீங்க, சரி. மிச்சத்தச் செடிக்கும் ஊத்தறீங்களாமா. பாசந்தான், இல்லேங்கல. ஆனா இந்தக் குடும்பத்துக்குச் செம்பு எமனுங்க. ரெண்டாம் உலகப்போர்க் காலத்துல டிரினிடாட் தீவுல மலேரியா தலைவிரிச்சு ஆடுச்சு. பாத்தா, கோகோத் தோட்டத்து நெழல் மரங்கள்ல எல்லாம் இந்தச் சாதிச் செடி அடை அடையாத் தொத்தியிருக்குது, அதோட குழித் தண்ணியில மலேரியாக் கொசு குடும்பம் நடத்துது. ஆள மரத்துல ஏத்திப் புடுங்கிப் போட்டாங்க. அப்புறம் மருந்தடிச்சாங்க. என்ன மருந்துங்கறீங்க? மயில்துத்தக் கரைசல். மலை மேல மொளகுக் கொடிக்கும் காப்பிச் செடிக்கும் போர்டோ கலவையில போடற அதே துத்தம், செம்பு உப்பு. செடி கூண்டோட செத்துச்சு. ஒரு தீவே சேந்து எத வெச்சு இந்தச் செடிய ஒழிச்சுதோ, அத நீங்க கொஞ்சங் கொஞ்சமா, பிரியமா ஊட்டறீங்க. பூஞ்சணம் புடிச்சிருக்குதுன்னு மருந்து வாங்கப் போனாலும், செம்பு கலந்ததுன்னா கையால தொடாதீங்க. ஏசியில சொட்டற தண்ணியும் வேண்டாம். அதுக்குள்ளயும் செம்புக் குழாயி ஓடுது, வம்ப எதுக்கு வெல குடுத்து வாங்கறது?

இந்தக் கெழவனுக்கு டிரினிடாட் எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? உங்க வீட்டுக்காரம்மா கோயமுத்தூரு வேளாண் பல்கலைக்கழகத்துல படிச்சவங்க, ஞாபகம் இருக்குதுங்களா? லீவுக்கு வர்றப்பெல்லாம் கயித்துக் கட்டில்ல குந்திக்கிட்டு எனக்குப் புஸ்தகத்தப் படிச்சுக் காட்டுவா. வாத்தியாரம்மாவ வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு, மொகந்தெரியாத ஆளுக்கெல்லாம் சப்ஸ்கிரைப் பண்ணி மணியும் அடிக்கறீங்க. அவ ஏன் சொல்லலன்னா, நீங்க கேக்கலீங்க. கேக்காத எடத்துல வாயத் தொறக்காதேன்னு சொல்லி வளத்தது நான்தான். அந்தத் தப்பு என் பக்கம் இருக்கட்டும்.

கொசு டிரினிடாட்டுச் சமாச்சாரம்னு அசந்துராதீங்க. உங்க ஊருல டெங்குக் கொசு இருக்குது. அதுக்குச் சாக்கடை புடிக்காது, நல்ல தண்ணியாப் பாத்துத்தான் முட்டை வெக்கும். வெயில் காலத்துல முட்டை கொசுவாகி றெக்கை விரிக்க ஒரு வாரம், பத்து நாளுதான். அதனால வாரத்துல ரெண்டு தடவ, தொட்டியோட தூக்கிச் சாச்சு, குழியில இருக்கற பழசக் கொட்டிட்டு, கழுவிப் புதுசு ஊத்துங்க. செடிக்கும் நல்லது, நாத்தம் வராது. கொசுப்புழு பாக்க வீடு வீடா வர்ற பிள்ளைங்க டார்ச்சு அடிச்சுப் பாக்கறப்ப நீங்களும் நெஞ்ச நிமித்தி நிக்கலாம்.

ஜமைக்கா தீவுல ஒரு நண்டு இருக்குதுங்க. இந்தக் குடும்பத்துப் பெரிய செடி ஒண்ணோட குழித் தண்ணியிலதான் குஞ்சு வளக்கும். விழுந்து கெடக்கற சருகையெல்லாம் எடுத்து வெளிய போடும். தண்ணியில புளிப்பு ஏறாம இருக்கோணும், குஞ்சுக்கு ஓடு கெட்டியாகோணும்னு, காலி நத்தை ஓட்டப் பொறுக்கிட்டு வந்து உள்ள போடும். தினந்தினம் வீட்டு வேலை! ஒரு நண்டுக்கு அத்தன பொறுப்பு. நீங்க வாரத்துக்கு ரெண்டு தடவ சாச்சு ஊத்தறதுக்கு ‘டைம் இல்ல அப்புச்சி’ங்கறீங்க. சரிங்க, நண்டுக்கு ஆபீசு இல்ல.

அடுத்தது மண்ணு. செம்மண்ணு, தொழுவுரம், மண்புழு உரம்னு கலந்து கெட்டியா அமுக்கி வெச்சிருக்கீங்க. மரத்துக் கெளையில எங்கீங்க வண்டல் மண்ணு? வேருக்குக் காத்து வேணும். தேங்கா மட்டையத் துண்டு துண்டா நறுக்கி, அதுல உப்பு இருக்கும், ரெண்டு மூணு தண்ணியில ஊறப்போட்டு அலசிப் பிழிஞ்சு, அதோட அடுப்புக்கரித் துண்டும் கொஞ்சம் பருமணலும் சேத்தாப் போதும். ஊத்துன தண்ணி நிக்காம ஓடோணும். தொட்டி சின்னதாவே இருக்கட்டும். பெரிய தொட்டி வாங்கி வெச்சா செடி பெருசாகாது, ஈரந்தான் நாளெல்லாம் நிக்கும்.

உரம்னு சொன்னதும் உங்க மொகம் மலருது, தெரியுது. மாடித்தோட்டத்துக்குன்னு வாங்குன பஞ்சகவ்யாவ இதோட நடுக்குழியில ஊத்துனது நீங்கதானுங்களே? பக்கத்து வீட்டுக்காரரு கேஸ் கசியுதுன்னு ஆளக் கூட்டியாந்ததா அம்மிணி சிரிச்சா. அரிசி கழுவுன தண்ணி, டீத்தூளு, புளிச்ச மோரு ஒண்ணும் வேண்டாம். கரையற உரம் எதுனாச்சும் இருந்தா, டப்பாவுல போட்டிருக்கற அளவுல கால் பங்கு, மாசத்துக்கு ஒருக்கா, அதுவும் அடி மட்டைத் துண்டுக்கு மட்டும். குழிக்குள்ள போகக் கூடாது. தழைச்சத்து ஏறுச்சுன்னா எலை கொழுத்து நீளும், கலரு மங்கும்.

எடத்துக்கு வருவோம். வாஸ்துப்படி செகப்பு தென்கிழக்குல இருக்கோணும்னு யாரோ சொன்னாங்கன்னு, ஹால் மூலையில ஏசிக்கு நேர் கீழ வெச்சிருக்கீங்க. அந்தக் காஞ்ச காத்துல எலை நுனி கருகும். கருகுனதப் பாத்துட்டு வெயிலு பத்தலன்னு மொட்டை மாடியில சித்திரை வெயில்ல கொண்டுபோயி வெச்சீங்களாம். அக்கினி நச்சத்திரத்துல நீங்களே ஒரு மணி நேரம் அங்க நின்னு பாருங்களேன், அப்புறம் பேசுவோம். இது பெரிய மரத்துக்குக் கீழ, எலை சலிச்சு விட்ட வெளிச்சத்துல வாழற செடி. கெழக்கு, வடக்குப் பால்கனியில வெளிச்சம் தாராளமா இருக்கோணும், உச்சி வெயிலு மேல படக் கூடாது. சட்டை ஒட்டுது, புழுக்கம் தாங்கலன்னு நீங்க மெட்ராஸ் காத்தத் திட்டறீங்க பாருங்க, அந்த ஈரக்காத்துதானுங்க இதுக்குத் தாய்வீட்டுக் காத்து. அதத் தேடி வந்த செடியப் புடிச்சு ஏசிக்குள்ள அடைக்கறீங்க. பால்கனியில விட்டுட்டு நீங்க மட்டும் ஏசியில படுங்க.

அப்புறம், எலை பளபளன்னு இருக்கோணும்னு தேங்காண்ணெய் தொட்டுத் தொடைக்கறது. நல்ல வேளை, சீவிச் சடை போடல! எலைக்கு மேல கண்ணுக்குத் தெரியாத சன்னமான செதிலு இருக்குது, அதுலதான் தண்ணி குடிக்கும். எண்ணெயப் பூசுனா வாயப் பொத்துன கணக்கு. தூசி இருந்தா வெறும் ஈரத்துணி போதும். இதே குடும்பத்துல ஏக்மியான்னு வெள்ளிப்பொடி தூவுன எலையோட ஒண்ணு விக்கறாங்க. அத வாங்கிட்டு வந்து அழுக்குன்னு தேச்சுக் கழுவிராதீங்க, அந்தப் பொடிதான் அதோட ஒடம்பு. மாவுப்பூச்சி வந்துச்சுன்னா ஈரப்பஞ்சால ஒண்ணொண்ணா எடுத்துப் போடுங்க. சீரியலு ஓடறப்ப பாக்கலாம், நல்ல வேலை.

இனிமேதான் நெசமான சங்கதி. செகப்பு காஞ்சதும் தண்டோட அடியில வெட்டி எடுங்க, ஆனா தாயத் தூக்கிக் குப்பையில போடாதீங்க. ஊரு பூரா அதத்தான் செய்யறாங்க. கலரு போச்சா, செடி போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டு அடுத்தது வாங்கறாங்க. நர்சரிக்காரரு வண்டி மாத்தறது அப்படித்தான். பச்சை எலை இருக்கற வரைக்கும் அது அடியில கன்னுக்குப் பாலூட்டிக்கிட்டு இருக்கும். கன்னு தாயில மூணுல ஒரு பங்கு, பாதி ஒசரம் வந்த பொறவு, கூரான கத்தியால வேரோட பிரிச்சுத் தனியா வைங்க. அவசரப்பட்டுச் சின்னதுலயே பிரிச்சா ரெண்டும் போயிரும். பிரிச்ச கன்னு பூக்க ஒண்ணரை, ரெண்டு வருசம் ஆகும், இன்னும் கூடவும் ஆகும். பெருமூச்சு விடாதீங்க. பெரு, பொலிவியா மலைமேல இதே குடும்பத்துல ஒரு ராட்சசச் செடி இருக்குது, பூயா ரைமோண்டின்னு பேரு. அது பூக்க எம்பது, நூறு வருசம் ஆகுமாமா. உங்களுக்கு வாய்ச்சது சீக்கிரத்துச் சரக்கு.

கன்னு நல்லா வளந்தும் பூக்க அடம் புடிச்சா ஒரு தந்திரம் இருக்குது. குழித் தண்ணியக் கொட்டிட்டு, செடியோட ஒரு பழுத்த வாழப்பழத்தையோ ஆப்பிளையோ வெச்சு, பெரிய பாலிதீன் பையில மூடி நெழல்ல ஒரு வாரம் கட்டி வைங்க. வெயில்ல வெச்சா அவியலாயிரும். பழத்துல இருந்து வர்ற எத்திலீன் வாயு செடிய உசுப்பி விடும். ரெண்டு மூணு மாசத்துல நடுவுல கலரு கட்டும். 1870கள்ல அசோர்ஸ் தீவுல கண்ணாடிக் கொட்டாயில அன்னாசி போட்டவங்க, தற்செயலாப் புகை சூழ்ந்த செடியெல்லாம் ஒண்ணாப் பூக்கறதக் கண்டு அசந்துட்டாங்க. புகைக்குள்ள இருந்ததும் அதே வாயுதான். எங்கப்பாரு வாழத்தார குழியில எறக்கி மூட்டம் போட்டுப் பழுக்க வெச்சதும் அதே வாயுதான். அவரு அதுக்குப் பேரு வெக்கல, படமெடுத்துப் போடவும் இல்ல. அதனால அவருக்கு லைக்கு ஒண்ணும் விழுகல.

ஆனா ஒண்ணுங்க. இந்தத் தந்திரம் பருவத்துக்கு வந்த செடிக்கு மட்டுந்தான். நாளைக்கே பையும் பழமுமாக் கன்னுக்குட்டிகிட்டப் போயி நிக்காதீங்க. உங்களப் பத்தித் தெரியும், அதனாலதான் முன்கூட்டியே சொல்லி வெக்கறேன்.

என் வைத்தியக் கூலி என்னன்னா, முதல் கன்னு எனக்கு. நோம்பிக்கு வர்றப்ப ஈரச்சாக்குல சுத்திக் கொண்டாங்க. எங்கூருக் காத்து காஞ்சது, அடிவாரத்துல தாக்குப் புடிக்காது. மலை மேல நம்ம சிநேகிதன் காட்டுல பலாமரம் நிக்குது. அதோட கவையில தேங்காநாரு வெச்சுக் கட்டிட்டு வந்துருவேன். மழை ஊத்தும், சருகு உரம் போடும், மரம் நெழலு குடுக்கும். பதிலுக்கு உங்களுக்கு அன்னாசிப் பக்கக்கன்னு ஒண்ணு தர்றேன். பால்கனியில நல்ல வெயிலு விழுகற பக்கமா வெச்சீங்கன்னா, ஒண்ணரை, ரெண்டு வருசத்துல பழமாச்சும் கண்ணுல படும். அதுக்கு என்ன செய்யோணும்னு இப்பவே கேக்காதீங்க, வீட்டுல இருக்கறவளக் கேளுங்க. அவ சொல்றத மட்டும் செஞ்சுட்டு, மிச்ச நேரத்துல கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. கல்யாணம் ஆகி இத்தன நாளாச்சு, அது உங்களுக்குக் கஷ்டமா இருக்காதுன்னு நெனைக்கறேனுங்க.